கோதாவரிக் கரையில் நிலைபெற்ற வீர மகான்

நாகலாபுரத்துக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் விசாரிப்பது வேதநாராயண சுவாமி கோயிலைத்தான். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோயில் இது. ஊருக்கு நாகலாபுரம் என்று பெயர் வந்ததே அவருடைய தாயார் நாகலா தேவியின் நினைவாகத்தான். கருவறையில் பெருமாள் இடுப்புக்குக் கீழே மீன் வடிவம் கொண்டு நிற்கிறார். வேதங்களைத் திருடிக் கடலுக்கடியில் ஒளித்து வைத்த அசுரனை வென்று, அவற்றை மீட்டு வந்த மச்சாவதாரக் கோலம். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் சூரிய பூஜை நாட்களில் மாலைக் கதிர்கள் கோபுர வாயிலைக் கடந்து உள்ளே வந்து சுவாமியின் திருமேனியில் விழுவதைக் காண, தமிழரும் தெலுங்கரும் கூட்டம் கூட்டமாகத் திரள்கிறார்கள்.

இதே மச்சாவதாரக் கதை, இங்கிருந்து வெகு தொலைவில், பஞ்சாபில் பாட்டாகியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த சிங்கின் பெயரால் வழங்கும் 'தசம் கிரந்த்' என்ற பெருநூலில் 'சௌபீஸ் அவதார்' என்றொரு பகுதி உண்டு. இருபத்து நான்கு அவதாரங்களின் கதை அது. அதில் முதலில் வருவது மச்சாவதாரம்! அங்கும் அசுரன் வேதங்களைக் கவர்கிறான். மீனாக வந்த கடவுள் அவனோடு போர் புரிந்து அவற்றை மீட்கிறார்.

அந்த நூல் முழுவதையும் குருவே இயற்றினாரா, அவருடைய அவைப் புலவர்களின் கையும் அதில் உண்டா என்பதில் சீக்கிய அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை இருக்கிறது. ஒன்று மட்டும் தெளிவு. அவதாரங்களை வழிபடச் சொல்வதற்காக அந்தக் கதைகள் பாடப்படவில்லை. குரு வணங்கியது உருவமற்ற, காலத்துக்கு அப்பாற்பட்ட ஒரே பரம்பொருளை. பழைய கதைகள் சாமானிய மக்களின் நெஞ்சில் வீரத்தை ஊட்ட வேண்டும், அநீதியை எதிர்க்கும் துணிவைத் தர வேண்டும் என்பதே நோக்கம்.

வாளேந்திய அந்த மகானின் வாழ்க்கை தொடங்கியது கிழக்கே, வளர்ந்தது வடக்கே, நிறைவெய்தியது தெற்கே, கோதாவரிக் கரையில். அவர் கடைசியாக எடுத்த முடிவும் அந்தக் கரையில்தான் எடுக்கப்பட்டது. பிறந்த மண்ணை விட்டு வேறு மொழி பேசும் மண்ணில் வாழும் எல்லோருக்கும் அந்த முடிவில் ஒரு செய்தி இருக்கிறது.

ஒன்பது வயதில் சுமந்த பொறுப்பு

1666-ம் ஆண்டு டிசம்பரில் பீகாரிலுள்ள பாட்னாவில் அவர் பிறந்தார். தந்தை, ஒன்பதாவது குருவான தேக் பகதூர். தாயார் மாதா குஜ்ரி. கங்கைக் கரையில் விளையாடிய சிறுவன் பின்னர் இமயமலை அடிவாரத்திலுள்ள அனந்தபூருக்கு வந்து சேர்ந்தான்.

அப்போது டில்லியில் அவுரங்கசீப் ஆட்சி. கட்டாய மத மாற்றத்துக்கு ஆளான காஷ்மீரப் பண்டிதர்கள் குரு தேக் பகதூரிடம் வந்து முறையிட்டார்கள் என்பது சீக்கியர் போற்றும் வரலாறு. அவர்களுக்காகக் குரு பேச முன்வந்தார். விளைவு, 1675 நவம்பரில் டில்லி சாந்தினி சௌக்கில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு முன்பாக அவருடைய தொண்டர்கள் மதி தாஸ், சதி தாஸ், தயாளா ஆகிய மூவரும் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்கள். குரு உயிர் நீத்த இடத்தில்தான் இன்று சீஸ்கஞ்ச் குருத்வாரா நிற்கிறது.

தன் சமயத்துக்காக ஒருவர் உயிர் கொடுப்பது உலகம் கண்ட செய்தி. இன்னொருவர் சமயத்தைக் காக்க உயிர் கொடுப்பது அரிது. தந்தை அந்த அரிய செயலைச் செய்தபோது கோவிந்தருக்கு வயது ஒன்பது. அந்த வயதில் பத்தாவது குருவாக அவர் பொறுப்பேற்றார்.

ஏடும் வில்லும்

அனந்தபூரிலும், பிறகு யமுனைக் கரையிலுள்ள பௌண்டாவிலும் அவர் வளர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. காலையில் வழிபாடு, பிறகு குதிரையேற்றம், வில், வாள் பயிற்சி. அத்துடன் பாரசீகம், சம்ஸ்கிருதம், விரஜ பாஷை, பஞ்சாபி ஆகிய மொழிகள். அவருடைய அவையில் ஐம்பத்திரண்டு புலவர்கள் இருந்தார்கள் என்று மரபு கூறுகிறது. கிருஷ்ணாவதாரக் காவியம் 1688-ல் யமுனைக் கரையில் முடிந்தது. ராமாவதாரக் காவியம் 1698-ல் சட்லெஜ் கரையில் நிறைவுற்றது.

அவர் நடத்திய முதல் பெரிய போர் 1688-ல் பங்காணி என்ற இடத்தில் நடந்தது. எதிரே நின்றவர்கள் மலைநாட்டு இந்து ராஜாக்கள். குருவின் பக்கம் நின்று போரிட்டவர்களில் சதௌராவைச் சேர்ந்த பீர் புத்து ஷா என்ற முஸ்லிம் ஞானியும் ஒருவர். தன் சீடர்களையும் புதல்வர்களையும் அழைத்துக்கொண்டு வந்து, அந்தப் போரில் தன் பிள்ளைகளையே பறிகொடுத்தார் அவர். குரு கோவிந்தரின் போர்களை மதச் சண்டை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

தலை கேட்ட வைசாகி

1699-ம் ஆண்டு வைசாகித் திருநாள். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் வட நாட்டு அறுவடை விழா அது. அனந்தபூரில் மக்கள் திரண்டிருந்தார்கள். உருவிய வாளோடு மேடைக்கு வந்த குரு, "தலை கொடுக்க யார் வருகிறீர்கள்?" என்று கேட்டார். கூட்டம் திகைத்தது. சிலர் எழுந்து போய்விட்டார்கள். பிறகு ஒருவர் எழுந்தார். அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துச் சென்ற குரு, ரத்தம் தோய்ந்த வாளோடு வெளியே வந்து அடுத்த தலையைக் கேட்டார். இவ்வாறு ஐந்து பேர் எழுந்தார்கள். முடிவில் ஐவரும் உயிரோடு, புத்தாடை அணிந்து வெளியே வந்தபோது மக்கள் வியப்பில் ஆழ்ந்தார்கள் என்பது வரலாற்று மரபு.

அந்த ஐவரும் யார்? லாகூரைச் சேர்ந்த வணிகர் குலத்துத் தயா ராம். அஸ்தினாபுரத்து உழவர் தரம் தாஸ். பூரி ஜகந்நாதத்தைச் சேர்ந்த, தண்ணீர் சுமக்கும் தொழில் செய்த ஹிம்மத் ராய். துவாரகையைச் சேர்ந்த, துணிக்கு அச்சிடும் தொழில் செய்த மோகம் சந்த். ஐந்தாமவர் தெற்கே பீதரைச் சேர்ந்த நாவிதர் சாகிப் சந்த்.

ஊர்களைப் பாருங்கள், தொழில்களைப் பாருங்கள். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்று நாற்றிசைக்கும் ஒருவர். உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று ஊர் பிரித்து வைத்திருந்த சாதிகள் எல்லாம் அந்த ஐவரில் அடங்கிவிட்டன. ஐவரும் ஒரே இரும்புப் பாத்திரத்திலிருந்து இனிப்பு நீரை அருந்தினார்கள். அதன்பின் சாதிப் பெயர் கிடையாது. ஆண்களுக்கெல்லாம் 'சிங்', பெண்களுக்கெல்லாம் 'கௌர்' என்று ஒரே பட்டம். இவ்வாறு பிறந்ததுதான் 'கால்சா'.

அடுத்து நடந்தது இன்னும் பெரிது. குரு அந்த ஐவர் முன் கை கட்டி நின்று, தனக்கும் அதே தீட்சையைத் தரும்படி வேண்டினார். குருவே சீடனானார், நாவிதரும் தண்ணீர் சுமப்பவரும் குருவுக்குத் தீட்சை கொடுத்தார்கள். கோவிந்த ராய், கோவிந்த சிங் ஆனார். மகாகவி பாரதியார் இந்த வைசாகி நிகழ்ச்சியில் உள்ளம் பறிகொடுத்து 'குரு கோவிந்தர்' என்ற தலைப்பில் நீண்ட பாட்டு எழுதியிருக்கிறார். சாதி ஒழிய வேண்டும், அச்சம் அகல வேண்டும் என்ற இரண்டும் ஒரே நாளில் ஒரே மேடையில் நடந்ததைக் கண்டால், பாரதி பாடாமல் எப்படி இருப்பார்?

பகைவனுக்குத் தண்ணீர்

அனந்தபூர்ப் போர்க்களத்தில் நடந்ததாகச் சீக்கியர்கள் தங்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. கன்னையா என்ற தொண்டர் தோல் பையில் தண்ணீர் சுமந்து, காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரிப் படை வீரர்களுக்கும் அவர் தண்ணீர் கொடுப்பதைக் கண்டு பொறுக்காத சிலர் குருவிடம் புகார் செய்தார்கள். குரு அழைத்துக் கேட்டபோது, தன் கண்ணுக்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு தெரியவில்லை என்று அவர் பதில் சொன்னார். குரு கடிந்துகொள்ளவில்லை. காயத்துக்குப் போட மருந்தையும் கொடுத்து, இதையும் சேர்த்துத் தடவு என்று அனுப்பி வைத்தார்.

கையில் வாள் இருந்தும் அவரை மகான் என்று ஏன் மக்கள் வணங்கினார்கள் என்பதற்கு இதுவே விடை. அவருக்கு வாள் கடைசி வழி. மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு எடுக்க வேண்டியது.

நான்கு மைந்தர்கள்

1704-ம் ஆண்டின் இறுதியில், நீண்ட முற்றுகைக்குப் பிறகு, பாதுகாப்பாக வெளியேறலாம் என்ற வாக்குறுதியை நம்பிக் குரு அனந்தபூரை விட்டுப் புறப்பட்டார். (இது 1705 என்று கணக்கிடுவோரும் உண்டு.) வாக்குறுதி மீறப்பட்டது. பனிக்காலத்து இரவில், வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடக்கையில் குடும்பம் சிதறியது.

சம்கௌர் என்ற ஊரில் ஒரு மண் வீட்டில் சில பத்து வீரர்களோடு பெரும் படையை எதிர்த்து நின்றபோது மூத்த மைந்தர்கள் அஜித் சிங்கும் ஜுஜார் சிங்கும் போரிட்டு மடிந்தார்கள். பாட்டியோடு பிரிந்து போன இளைய மைந்தர்கள் சோராவர் சிங்கும் பதே சிங்கும் பிடிபட்டு சிர்ஹிந்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள். இருவரும் பத்து வயதைத் தாண்டாதவர்கள். மதம் மாற மறுத்த அந்தப் பிள்ளைகளைச் சுவரில் வைத்துக் கட்டும்படி நவாப் வசீர் கான் ஆணையிட்டான். பாட்டி மாதா குஜ்ரியும் சிர்ஹிந்திலேயே உயிர் நீத்தார்.

ஒரு வாரத்துக்குள் நான்கு பிள்ளைகளையும் தாயையும் இழந்த மனிதரின் நெஞ்சில் என்ன எஞ்சியிருக்கும்? ஆத்திரம் எஞ்சியிருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். சிர்ஹிந்து தர்பாரில் அந்தப் பிள்ளைகளுக்காக எழுந்து நின்று வாதாடியவர் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகம்மது கான். குருவைப் பல்லக்கில் வைத்து, முஸ்லிம் ஞானி போல வேடமிட்டுக் காப்பாற்றியவர்கள் கனி கான், நபி கான் என்ற பட்டாணிய சகோதரர்கள். சீக்கியர்கள் இந்த மூவரையும் இன்றளவும் நன்றியோடு நினைக்கிறார்கள். கொடியவன் எந்த மதத்தான் என்று மட்டும் பார்த்துப் பகை பாராட்டும் வழக்கத்தை அவர்களுடைய குரு கற்றுத் தரவில்லை.

அவுரங்கசீப்புக்கு அவர் அனுப்பியதும் ஒரு கவிதைக் கடிதம்தான். 'சபர்நாமா' - வெற்றி மடல் - என்று பெயர். பாரசீகத்தில், பேரரசனுக்குப் பழக்கமான செய்யுள் நடையிலேயே எழுதினார். குர்ஆன் மீது சத்தியம் செய்து கொடுத்த வாக்கை உன் ஆட்கள் மீறினார்கள். கடவுளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்பது அதன் சாரம். எல்லாவற்றையும் இழந்தவர் தோல்வி மடல் எழுதவில்லை. வெற்றி மடல் எழுதினார்.

தென்திசைப் பயணம்

கடிதத்தைப் படித்த பேரரசர் நேரில் சந்திக்க விரும்பினார் என்பர். குரு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியிலேயே, 1707 மார்ச்சில் அகமதுநகரில் அவுரங்கசீப் இறந்த செய்தி வந்தது. புதிய மன்னர் பகதூர் ஷா குருவை மதிப்போடு நடத்தினார். மன்னரின் படை தக்காணம் நோக்கிச் சென்றபோது குருவும் உடன் வந்து, 1708-ல் கோதாவரிக் கரையிலுள்ள நாந்தேடில் தங்கினார்.

அங்கு மாதோ தாஸ் என்ற பைராகித் துறவியைச் சந்தித்தார். அவர்தான் பிறகு பந்தா சிங் பகதூர் ஆனார். பஞ்சாபுக்குத் திரும்பிச் சென்று 1710-ல் சிர்ஹிந்தை வென்று, உழுதவருக்கே நிலம் என்று செயல்படுத்திக் காட்டியவர் அவர்.

நாந்தேடில் குருவின் கூடாரத்துக்குள் புகுந்த பட்டாணியன் ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். வசீர் கான் ஏவிய ஆள் அவன் என்று கூறப்படுகிறது. காயம் தைக்கப்பட்டது, ஆனால் ஒரு கடினமான வில்லை வளைத்தபோது தையல் பிரிந்தது. 1708 அக்டோபர் 7-ம் நாள் குரு மறைந்தார். வயது நாற்பத்தொன்று.

ஏட்டுக்குக் கொடுத்த இருக்கை

மறைவதற்கு முன் அடுத்த குரு யார் என்ற கேள்வி எழுந்தது. பெற்ற பிள்ளைகள் நால்வரும் இல்லை. தளபதிகள் இருந்தார்கள்; தகுதியான தொண்டர்கள் இருந்தார்கள். எவரையும் அவர் குருவாக்கவில்லை. புனித நூலை முன்னே வைத்து வணங்கி, இனி இதுவே குரு என்று அறிவித்தார். குரு நானக்கில் தொடங்கிய மனித குருமார் வரிசை பத்தோடு முடிந்தது. 'குரு கிரந்த சாகிப்' நிரந்தர குரு ஆயிற்று.

அந்த நூலில் உள்ளவர்கள் யார்? குருமார்களோடு, நெசவாளர் கபீர், தோல் தொழிலாளி ரவிதாசர், நாவிதர் சைன், முஸ்லிம் ஞானி ஷேக் பரீத், மராட்டிய மண்ணின் தையற்காரர் நாமதேவர் ஆகியோரின் பாடல்கள் எல்லாம் சரிசமமாக அமர்ந்திருக்கின்றன. ராமானந்தரின் பாடலும் ஒன்று உண்டு. அவர் நம் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரின் வழியில் வந்தவர் என்பது வைணவ மரபு. தந்தை தேக் பகதூரின் பாடல்களை அதில் சேர்த்த குரு கோவிந்தர், தன் பாடல்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய பணிவுக்குச் சான்று.

திருப்பாணாழ்வாரையும் நம்மாழ்வாரையும் ஒரே பிரபந்தத்தில் வைத்து ஓதும் தமிழர்களுக்கு இது அயலான செய்தி அல்ல.

தெற்கில் ஊன்றிய வேர்

பீதர் அருகிலுள்ள ஜன்வாடா கிராமத்தில் ஐவரில் ஒருவரான சாகிப் சிங்கின் நினைவாகக் குருத்வாரா இருக்கிறது. அதே ஜன்வாடாவில்தான் மாயி பாகோ என்ற வீரப் பெண்மணியும் தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். போர்க்களத்தை விட்டு ஓடி வந்த நாற்பது பேரை இடித்துரைத்து, அவர்களைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்று 1705-ல் முக்த்சரில் போரிட்டவர் அவர். குருவோடு தெற்கே வந்தவர், பிறகு ஊர் திரும்பவில்லை.

நாந்தேடில் குருவின் உடல் எரியூட்டப்பட்ட இடத்தில் மகாராஜா ரஞ்சித் சிங்கின் கொடையால் 1832-க்கும் 1837-க்கும் இடையே பெரிய கோயில் எழுந்தது. ஹசூர் சாகிப் என்று வழங்கும் அது, சீக்கியரின் ஐந்து தலைமை பீடங்களில் ஒன்று. குரு பயன்படுத்திய ஆயுதங்கள் அங்கே காக்கப்படுகின்றன. தீபாவளியின்போது கோதாவரியிலிருந்து குடங்களில் நீர் சுமந்து வந்து பீடத்தைக் கழுவுகிறார்கள். 2008-ல் கிரந்தம் குருவான மூன்றாம் நூற்றாண்டு நிறைவு அங்கே பெருவிழாவாக நடந்தது.

ஏறக்குறைய 1832-ல் ஹைதராபாத் நிஜாமின் அமைச்சர் சந்துலால் காலத்தில் பஞ்சாபிலிருந்து சீக்கியப் படையினர் நிஜாம் நாட்டுக்கு வரவழைக்கப்பட்டார்கள். 'லாகூரி பௌஜ்' என்று அவர்களுக்குப் பெயர். படை கலைந்தது, ஆட்கள் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களே இன்றைய 'தக்கனி சீக்கியர்கள்'. கடைத்தெருவில் தெலுங்கு பேசுகிறார்கள்; தக்கனி இந்துஸ்தானியும் பேசுகிறார்கள். வழிபாட்டில் குர்முகி ஏட்டை எடுத்து ஓதுகிறார்கள். பஞ்சாபை விட்டு இருநூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. நிஜாம் ஆட்சி 1948-ல் போயிற்று. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது நாந்தேடு ஒரு பக்கமும் ஹைதராபாத் ஒரு பக்கமும் ஆயின. அவர்களுடைய ஏடு மட்டும் பிரியவில்லை.

சித்தூர், திருப்பதி மாவட்டத் தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1960-ல் எல்லைக்கோடு திருத்தப்பட்டபோது திருத்தணி ஒரு பக்கம் வந்தது. சத்தியவேடு வட்டாரம் மறுபக்கம் போயிற்று. ஆட்சி மொழி மாறியது. பள்ளிக்கூடப் பலகை மாறியது. வெளியே தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வாழ்ந்து பழகியவர்கள் இவர்கள். பேரப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை என்ற கவலை பல வீடுகளில் உண்டு. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிப்பது அவர்களுக்கு ஓர் ஆறுதல். ஏட்டில் உள்ள சொல்லை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு ஓதிக் கொடுத்ததால் நிலைத்த வழக்கம் அது.

எப்படி நினைப்பது?

குருவின் பிறந்த நாளைச் சந்திர மாதக் கணக்கில் 'போ' மாத வளர்பிறை ஏழாம் நாளில் கொண்டாடுவது வழக்கம். நம் மார்கழி, தை மாதங்களை ஒட்டி அது வரும். 2017-ல் முந்நூற்று ஐம்பதாவது பிறந்தநாள் விழா பாட்னாவில் பெரும் திரளோடு நடந்தது. இளைய மைந்தர்களின் தியாகத்தை நினைவுகூர 2022 முதல் டிசம்பர் 26-ம் நாளை 'வீர பால திவஸ்' என நாடெங்கும் அனுசரிக்கிறார்கள்.

நாகலாபுரத்து அன்பர்கள் இதைக் காண பஞ்சாப் வரை போக வேண்டியதில்லை. ஊத்துக்கோட்டை வழியே சென்னைக்குப் போகிறவர்கள் தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையிலுள்ள குருத்வாராவில் நுழையலாம். தலையை ஒரு துணியால் மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டுச் சென்றால் போதும். யாரும் சாதி, மதம் கேட்பதில்லை. உள்ளே நடுநாயகமாக வீற்றிருப்பது சிலையோ படமோ அல்ல, ஏடு. அதை வணங்கியவர்கள் பிறகு லங்கரில் எல்லோரோடும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள்.

பிள்ளைகள் நால்வரையும் இழந்தவர், தனக்கு வாரிசு இல்லையே என்று வருந்தி நிற்கவில்லை. படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரையும் வாரிசாக்கினார். அவருடைய வாள் நாந்தேடில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் முடியும். அவர் விட்டுச் சென்ற ஏட்டைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், எந்த மண்ணுக்குப் போனாலும் தங்களை இழக்கவில்லை. நாகலாபுரத்து வீடுகளில் பேரப் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, மாலையில் அரை மணி நேரம் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கும் தாத்தா, பாட்டிமார்கள் செய்வதும் அந்த வேலைதான்.